சவரக்கத்தி செல்லும் திசையும் தோலின் நலமும்

மரத்தை இழைக்க முற்படும் தச்சர், முதலில் அதன் நார் எப்பக்கம் ஓடுகிறது என்பதைப் பார்த்துக்கொள்வார். நாரோட்டத்தை ஒட்டி இழைப்புளியைத் தள்ளினால் சீவல் சுருள் சுருளாக வரும். எதிர்த்துத் தள்ளினால் பரப்புப் பிய்ந்து செதிலெழும். அந்தமானுக்கே உரிய படாக் மரத்தில் நார்கள் அடுக்குக்கு அடுக்குத் திசை மாறிப் பின்னிக் கிடக்கின்றன. ஆதலின் ஒரே பலகையில் ஓரிடத்தில் வழுக்கிச் செல்லும் இழைப்புளி, அடுத்த இடத்தில் முரண்டு பிடிக்கும். மனிதனின் முகத்தில் வளரும் மயிரும் இவ்வகையில் படாக் மரத்தை ஒத்ததே.

மயிர் தோலினின்று செங்குத்தாக எழுவதில்லை. ஒரு பக்கம் சாய்ந்தே வெளிவருகிறது. கன்னத்தில் அது பெரும்பாலோர்க்குக் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். கழுத்திலோ சிலர்க்கு மேல்நோக்கியும், சிலர்க்குப் பக்கவாட்டிலும், சிலர்க்குச் சுழியாகவும் அமைந்திருக்கும். ஆகவே, “மேலிருந்து கீழே” என்பதும் “மயிர் வளரும் திசையில்” என்பதும் ஒன்றல்ல. இதனை அறியக் கருவி ஏதும் வேண்டுவதில்லை. சவரம் செய்து இரண்டு நாள் கழிந்த முகத்தை விரல் நுனியால் நாற்புறமும் தடவிப் பார்த்தால், வழுக்கிச் செல்லும் திசையே வளர்ச்சித் திசை. சொரசொரப்பாகத் தடுப்பது அதற்கு எதிர்த்திசை.

வளர்ச்சித் திசையில் கத்தி செல்லும்போது மயிரைச் சிறிது படுக்க வைத்து, தோலுக்கு மேலே ஓரளவு விட்டு அறுக்கிறது. எதிர்த்திசையில் செல்லும்போதோ மயிரைப் பற்றி நிமிர்த்தி, மயிர்க்காலிலிருந்து சற்று இழுத்து அறுக்கிறது. அறுபட்ட அடி பின்வாங்கித் தோல் மட்டத்துக்குக் கீழே போய்விடுகிறது. எதிர்ச் சவரத்தின் வழவழப்புக்கு இதுவே காரணம். ஆனால் மயிர் இழுபடும்போது அதைச் சுற்றியுள்ள தோலும் சிறு மேடாக எழும்புகிறது. அம்மேட்டின் முனையைக் கத்தி சீவிவிடுகிறது. தோலைக் காக்கும் வெளிப்படலம் முகத்தில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஓரிரு பங்கு கனமே உடையது. ஒவ்வொரு முறை கத்தி செல்லும்போதும் அதில் சிறிது கழிகிறது. சவரத்துக்குப்பின் வியர்வை பட்டதும் முகம் எரிவதன் காரணம் பெரும்பாலும் இதுவே. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெறும் இத்தீவுகளின் புழுக்கத்தில், இவ்வெரிச்சலை முகாம்களில் பணிபுரிவோர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதாகக் காட்டலாம். களிமண் கட்டியொன்றில் தென்னை ஈர்க்குத் துண்டுகளை ஒரே பக்கம் சாய்த்துச் செருகி, அட்டையொன்றின் விளிம்பை இருபுறமும் ஓட்டிக் காட்டுக. ஒரு திசையில் ஈர்க்குகள் படியும். மறு திசையில் நிமிர்ந்து, அடியிலுள்ள களிமண்ணையும் கிளப்பும்.

அவ்வாறாயின் ஒரே முறையோடு நிறுத்திவிட வேண்டுமா? வேண்டியதில்லை. நீண்ட மயிரை எடுத்த எடுப்பிலேயே எதிர்த்து அறுப்பதுதான் தவறு. படிப்படியாகக் குறைப்பது தவறன்று. முதல்முறை வளர்ச்சித் திசையில் மழித்து, மீண்டும் நுரை பூசி, இரண்டாம்முறை குறுக்காக மழித்தால் பெரும்பாலோர்க்கு அது போதும். மூன்றாவதாக எதிர்த்து மழிப்பது, தோல் பொறுக்குமாயின் செய்யத்தக்கது. தாடி மயிர் நாளொன்றுக்குச் சுமார் 0.4 மில்லிமீட்டர் வளர்வதால், அதனால் பெறும் வழவழப்பு மறுநாட்காலை வரையிலும் நிற்பதில்லை. நுரை போனபின் அதே இடத்தைத் திரும்பத் திரும்பச் சுரண்டுவது எத்திசையிலும் கூடாது. 1971இல் வந்த இரட்டை அலகுக் கருவியும், பின்னர் வந்த ஐந்து அலகுக் கருவிகளும் ஒரே இழுப்பில் பலமுறை மழிப்பனவே. அவற்றைக் கொண்டு மூன்று முறை மழிப்பவர், தம் தோலின்மீது பதினைந்து அலகுகளைச் செலுத்துகிறார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சுருண்ட மயிருடையோர்க்கு எதிர்ச் சவரம் பெரிதும் ஆகாது. தோலுக்குக் கீழே கூர்மையாக அறுபட்ட மயிர், வளரும்போது வளைந்து பக்கத்துத் தோலையே குத்தி உள்ளே நுழைந்து பருக்களை உண்டாக்குகிறது. இதற்கு மருந்தைவிட, தோலை இழுத்துப் பிடியாமல் வளர்ச்சித் திசையில் மழிப்பதே மேல்.

இரண்டு மூன்று நிமிடம் நன்னீரில் நனைந்த மயிர் நீரை உறிஞ்சி மிருதுவாகிறது. அறுக்க வேண்டிய விசை குறைகிறது. படகுகளில் செல்வோர் கடல்நீரைக் கொண்டு சோப்பைக் குழைப்பது வீண்; அதிலுள்ள உப்புகள் நுரையைக் கெடுத்துவிடும். அலகின் கூர்மையும் நெடுநாள் நிற்பதில்லை. எஃகைக் காட்டிலும் ஏறத்தாழ ஐம்பது மடங்கு மென்மையான மயிர் அதை எவ்வாறு மழுக்குகிறது என்பதை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் ஆராய்ந்து 2020இல் வெளியிட்டனர். அலகின் விளிம்பு தேய்வதோடு, மயிர் வளையும் இடங்களில் நுண்ணிய சில்லுகளாக உடைகிறது என்று அவர்கள் கண்டனர்.

அலகின் ஆயுளைப் பற்றி இத்தீவுகளிலேயே பழமையான வழக்கம் ஒன்றுண்டு. அந்தமான் பழங்குடியினரிடையே பல்லாண்டு அதிகாரியாக இருந்த இ. எச். மேன், 1880களில் வெளியிட்ட நூலில் அதை விவரித்துள்ளார். வெண்ணிறப் படிகக்கல் ஒன்றைச் சூடேற்றி ஆறவிட்டு, மற்றொரு கல்லால் தட்டிச் சில்லுகளைப் பெயர்ப்பர். பிற்காலத்தில் புட்டிகளின் தடித்த அடிக்கண்ணாடியும் இதற்குப் பயன்பட்டது. கூர்விளிம்புச் சில்லு தலை மழிக்க. கூர்முனைச் சில்லு உடலில் கீறல் அணி செய்ய. இவ்வேலை பெரும்பாலும் பெண்களுடையது. ஒருமுறை பயன்பட்ட சில்லை அவர்கள் மறுமுறை எடுப்பதில்லை. ஒரு மழிப்புக்கே பல சில்லுகளைச் செலவிட்டு, எவர் காலிலும் குத்தாதவாறு குப்பைமேட்டில் எறிந்துவிடுவர்.

இவ்வழக்கம் இன்று கருதத்தக்கது. எதிர்த்தும் பலமுறையும் மழித்த தோலில் கண்ணுக்குப் புலப்படாத கீறல்கள் உண்டாகின்றன. அவற்றின் இரத்தம் அலகில் ஒட்டுகிறது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ்-பி கிருமி, உலர்ந்த இரத்தத்திலும் ஏழு நாள் வரை உயிர்த்திருக்க வல்லது. 1983இல் போர்ட் பிளேயரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) நிறுவப்பட்ட இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வட்டார மையம் நடத்திய ஆய்வில், நிக்கோபாரிகளுள் நூற்றுக்குச் சுமார் 23 பேரிடம் இக்கிருமி காணப்பட்டது. நாட்டில் பொதுவாக இது நூற்றுக்கு 2 முதல் 4 வரையே. தாயிடமிருந்து சேய்க்குப் பரவுதல் போன்ற பிற வழிகளும் இதற்கு உண்டு. பழியைச் சவரக்கத்தியின் மீது மட்டும் சுமத்துவது சரியன்று. எனினும், எளிதில் அடைக்கக்கூடிய வழி இது.

முகாம்களிலும் விடுதிகளிலும் ஒரே சவரக் கருவியை நால்வர் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது அறவே ஒழிய வேண்டும். சலூனில் ஒருவர் முகத்தில் தேய்த்த படிகாரக் கட்டியை அடுத்தவர்க்குத் தேய்ப்பதும் அவ்வாறே; படிகாரத்தைக் கரைத்துப் பஞ்சால் ஒற்றலாம். ஒவ்வொருவர்க்கும் புதிய அலகு கேட்டுப் பெறுக. பயன்பட்ட அலகுகளைப் போட, மூடியில் கீறலிட்ட பழைய தகரடப்பா ஒன்று போதும். நிறைந்ததும் அதன் கீறலை அடைத்து மருந்தகக் கழிவோடு சேர்த்துவிடலாம். ஹெபடைட்டிஸ்-பி தடுப்பூசி முழுவதும் போட்டுக்கொள்ளாத பணியாளர்கள், அடுத்த முறை சுகாதார நிலையம் செல்லும்போது அதைக் கேட்டுப் போட்டுக்கொள்க.