பந்து சிறியது, வளையத்தின் உயரம் ஒன்றே!

கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் பக்கங்களிலிருந்து வந்து ஹெப்பகோடியிலும் பொம்மசந்திராவிலும் குடியேறியிருக்கும் நம்மவர் வீடுகளில் ஒரு பேச்சு அடிக்கடி எழுவதுண்டு. பையன் பந்து ஆடினால், "படிப்பு கெட்டுவிடும்" என்பார் அப்பா. பெண் ஆடினாலோ, "இருட்டிய பிறகு வருகிறாளே, நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்பார் அம்மா. பையனுக்குக் கிடைப்பது கண்டிப்பு. பெண்ணுக்குக் கிடைப்பது தடை. இந்த வேறுபாட்டைத்தான் இங்கே சற்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

கூடைப்பந்து பணக்காரப் பள்ளிப் பிள்ளைகளின் ஆட்டம் என்று எண்ணுவோர் உண்டு. அது சரியல்ல. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் இதைத் தொடங்கியபோது, பழக்கூடைகள் இரண்டை மாடத்தின் கைப்பிடியில் மாட்டித்தான் ஆடினார்கள். ஒய்.எம்.சி.ஏ. அமைப்பு இதை நம் நாட்டுக்குக் கொண்டு வந்தது. 1920-ல் சென்னையில் ஹாரி குரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரிதான் தென்னாட்டில் பல விளையாட்டு ஆசிரியர்களை உருவாக்கிய இடம்.

பெண்களுக்கோ ஆரம்பத்திலேயே வேறு சட்டம். 1890-களில் ஸ்மித் கல்லூரி ஆசிரியை செண்டா பெரன்சன், மைதானத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்தார். ஒரு பகுதியில் நிற்பவள் அடுத்த பகுதிக்குப் போகக் கூடாது. பிறர் கைப்பந்தைப் பறிக்கவும் கூடாது. 1896-ல் ஸ்டான்ஃபோர்டு, கலிபோர்னியா பல்கலைக்கழகப் பெண்கள் சான் ஃபிரான்சிஸ்கோவில் மோதியபோது ஆண்களுக்கு உள்ளே அனுமதியே இல்லை! ஸ்டான்ஃபோர்டு 2-1 என்று வென்றது. ஒலிம்பிக்கில் ஆண்கள் ஆட்டம் 1936-ல் நுழைந்தது. பெண்கள் ஆட்டம் நுழைய 1976 ஆயிற்று. நாற்பது ஆண்டுகள்!

இன்று பெண்களின் பந்து மட்டும் ஒரு அளவு சிறியது. மைதானம் ஒன்றே, பத்து நிமிடக் கட்டங்கள் நான்கு என்பதும் ஒன்றே. வளையத்தின் உயரம் இருவருக்கும் பத்து அடி.

நமது பல்கலைக்கழகங்களிலும் அப்படித்தான். இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே மண்டலப் போட்டிகள் நடத்துகிறது; மண்டலத்தில் முன்னிலை பெறுவோர் அகில இந்தியப் போட்டிக்குச் செல்வர். கர்நாடகமும் தமிழ்நாடும் ஒரே தென்மண்டலம். ஆகையால் பெங்களூர் அணியும் சென்னை அணியும் மோதும்போது யாருக்குக் கை தட்டுவது என்ற சங்கடம் நமக்கு உண்டு! அணியில் இடம் பெற, பிறந்த மாநிலத்தை யாரும் கேட்பதில்லை. அந்தப் பல்கலைக்கழகத்தில் முறையாகப் படிக்கும் மாணவர், தேர்வில் தேறியவர் என்றால் போதும். நம் பிள்ளைகளுக்கு இது ஒரு பெரிய வசதி.

2022 ஏப்ரல் 24 முதல் மே 3 வரை கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகள் பெங்களூரில் நடந்தன. ஜெயின் பல்கலைக்கழகம் நடத்தியது. 20 தங்கம் பெற்று மொத்தச் சாம்பியன் பட்டத்தையும் அதுவே எடுத்துக்கொண்டது.

"சரி, ஆடி என்ன கிடைக்கும்?" என்பீர்கள். நியாயமான கேள்வி. ரயில்வேயிலும் வங்கிகளிலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் பலர் வேலையில் அமர்ந்திருக்கிறார்கள். பெங்களூரில் விஜயா வங்கி அணியின் பெயர் பழைய ரசிகர்களுக்கு நினைவிருக்கும். 2019-ல் அந்த வங்கி பாங்க் ஆஃப் பரோடாவுடன் இணைந்துவிட்டது. பெண்களில் பார்க்கப் போனால், தேசியப் போட்டிகளில் ரயில்வே அணியின் ஆதிக்கம் நெடுங்காலமாகத் தொடர்ந்து வந்திருக்கிறது.

அந்த ரயில்வேயில் இருந்தவர்தான் சென்னையின் அனிதா பால்துரை. பத்தொன்பது வயதில் இந்திய மகளிர் அணியின் தலைவி. 2001 முதல் 2017 வரை ஆசியச் சாம்பியன் போட்டிகள் ஒன்பதில் தொடர்ந்து ஆடினார். தாயான பின்பும் களத்துக்குத் திரும்பினார். அவருடைய கடைசி ஆசியப் போட்டி நடந்தது நம் கண்டீரவா உள்ளரங்கில்! 2017 ஜூலையில் இரண்டாம் பிரிவின் இறுதி ஆட்டத்தில் இந்தியா கஜகஸ்தானை 75-73 என்று வென்றது. 2021-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. பெண்ணை வீட்டோடு நிறுத்தியிருந்தால் இதில் எது நடந்திருக்கும்?

ஆனால் எல்லாப் பெண்களும் அனிதா ஆகிவிட மாட்டார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பல்கலைக்கழக அணிக்குப் போகும் பன்னிரண்டு பேரில் ஓரிருவருக்கு வேலை கிடைத்தாலே நல்லது. எனவே ஆட்டத்தோடு பட்டமும் வேண்டும். பயிற்சி முடிந்து வரும் பெண்ணுக்குத் துணைக்குப் போவது அண்ணனோ அப்பாவோ செய்யக்கூடிய சிறு காரியம்தான். 2025 ஆகஸ்டிலிருந்து மஞ்சள் பாதை மெட்ரோ ஹெப்பகோடி வழியாக ஓடுவதால், நகரில் பயிற்சிக்குச் செல்வோர் ஓசூர் சாலை நெரிசலில் சிக்கித் தவிக்கும் நேரமும் குறைந்திருக்கிறது.

பல்கலைக்கழகப் போட்டிகளுக்கு வயது 17 முதல் 25 வரை. இரவல் பிறந்த தேதியோடு பள்ளியில் சேர்ப்பது நம்மவரிடையே பழைய வழக்கம். அங்கே அது செல்லாது. பிறப்புச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியலையும் இப்போதே எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.