30 விநாடி மௌனம்

சுவிட்சைப் போட்டுவிட்டுப் போய் டீ குடித்துவிட்டு வந்தாலும் கம்ப்யூட்டர் இன்னும் எழுந்த பாடில்லை. பழசாகிவிட்டது, புதிதுதான் வாங்க வேண்டும் என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். உள்ளே அது பெரும்பாலும் சும்மாதான் இருக்கிறது. எதனிடமிருந்தோ பதில் வரட்டும் என்று காத்துக் கிடக்கிறது.

2008-இல் அமெரிக்காவின் போர்ட்லேண்டில் நடந்த லினக்ஸ் இயங்குதளத்துக்கான லினக்ஸ் பிளம்பர்ஸ் மாநாட்டில், இன்டெல் பொறியாளர்கள் அர்ஜன் வான் டி வென், ஆக்கே கோக் இருவரும் விலை குறைந்த ஈ பிசி குட்டி மடிக்கணினி ஒன்றை 5 விநாடியில் எழுப்பிக் காட்டினார்கள். இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு 1 விநாடி, டெஸ்க்டாப் திரை வந்து நிற்க 2 விநாடி என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் கணக்கு வைத்து, வீண் காத்திருப்புகளைத் தேடித் தேடிக் களைந்தார்கள்.

அப்படித் தேடுவதற்கான தடயத்தை லினக்ஸ் தானே எழுதிவைக்கிறது. டிமெசேஜ் (dmesg) என்ற கட்டளையைக் கொடுத்தால், கெர்னல் எழுதிய வரிகள் நேரத்தோடு வந்து விழும். 2.1, 2.3, 2.4 என்று விறுவிறுவென ஓடும் எண்கள் திடீரென 33-க்குத் தாவும். நடுவில் ஒரு வரிகூட இருக்காது.

அந்த இடைவெளிக்கு அடுத்த வரியைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும். டிஸ்க்குக்கு ஒரு கட்டளை அனுப்பினால் கெர்னல் வழக்கமாக 30 விநாடி வரை பதிலுக்குப் பொறுத்திருக்கும். அதற்குள் வராவிட்டால் இணைப்பை ரீசெட் செய்து மறுபடி கேட்கும். மறுபடியும் காத்திருப்பு.

குற்றவாளி டிஸ்க்தானா? சில சமயம் வெறும் கேபிள்! டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலைப் பார்த்தால் தெரிந்துவிடும். பெரும்பாலான சாட்டா டிஸ்க்குகளில் 199-ஆம் எண்ணுக்கு எதிரே உள்ள கணக்கு ஏறிக்கொண்டே போனால், சந்தேகம் முதலில் கேபிள்மேல் விழ வேண்டும். ஏறுவது 197 என்றால், படிக்க முடியாத இடங்கள் பெருகுகின்றன என்று பொருள். அப்போது வேகத்தை மறந்துவிட்டு, குடும்பப் படங்களையும் கணக்குகளையும் உடனே வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்துவிட வேண்டும்.

டிஸ்க்கில் பழுதே இல்லாமலும் காத்திருப்பு நேரும். ஏற்கெனவே லினக்ஸ் உள்ள கம்ப்யூட்டரில் இன்னொரு லினக்ஸை நிறுவும்போது, டிஸ்க்கில் கூடுதல் நினைவகமாகப் பயன்படும் ஸ்வாப் பகுதி புதிதாக ஃபார்மட் ஆகி அதன் அடையாள எண் மாறிவிடுவதுண்டு. டிஸ்க் பகுதிகளைப் பட்டியலிடும் பழைய லினக்ஸின் எஃப்எஸ்டேப் (fstab) கோப்பிலோ பழைய எண்தான் இருக்கும். இல்லாத அந்தப் பகுதி வருமென்று, லினக்ஸைத் துவக்கிவைக்கும் சிஸ்டம்டி 1 நிமிடம் 30 விநாடி காத்திருக்கும். திரையில் அந்த நேரம் ஓடுவதைக்கூடக் காணலாம். பிளாக்ஐடி (blkid) கட்டளை காட்டும் புதிய எண்ணை எடுத்து அந்த ஒரு வரியைத் திருத்தினால் போதும், அடுத்த தடவை அந்த ஒன்றரை நிமிடமும் இருக்காது. எப்போதாவது மட்டும் செருகுகிற வெளி டிஸ்க் என்றால், அதன் வரியில் நோஃபெயில் (nofail) என்று சேர்த்துவிடலாம். டிஸ்க் இல்லாத நாளிலும் கம்ப்யூட்டர் அதற்காகக் காத்து நிற்காது.