தட்டிப் பார்க்கும் அறிவியல்

ஓட்டப்பிடாரம் பகுதியில் உள்ள எங்கள் பள்ளி ஆய்வகத்தில் ஒரு பழைய பிளைவுட் மேசை இருக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் ஜன்னல் சாரல் பட்டு அதன் ஓரம் லேசாக உப்பிவிட்டது. ஒன்பதாம் வகுப்புக்கு ‘ஒலி’ பாடம் நடத்திக்கொண்டிருந்த நாளில், ஒரு மாணவன் மேசையை விரலால் தட்டிக்கொண்டே போனான். “சார், உப்பின இடம் மட்டும் இல்ல, இங்கயும் பிடிப்பு விட்டிருக்கு” என்றான். அவன் காட்டிய இடம் பார்வைக்கு நன்றாகவே இருந்தது. அவனுடைய அப்பா தச்சு வேலை செய்பவர்.

அவன் சொன்னதையே அன்றைய பாடமாக்கினேன்.

மெல்லிய மரத்தகடுகளைப் பசை தடவி, நார்கள் குறுக்கும் நெடுக்குமாக வரும்படி அடுக்கி, சூடும் அழுத்தமும் கொடுத்து ஒட்டினால் பிளைவுட் கிடைக்கிறது. பசை பிடிக்காத இடத்தில் இரு தகடுகளுக்கு நடுவே மெல்லிய காற்றிடைவெளி இருக்கும். அது வெளியே தெரியாது.

பிறகு எப்படிக் கண்டுபிடிப்பது? மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 710-இன்படி, பலகையிலிருந்து மாதிரித் துண்டுகளை வெட்டி, 72 மணி நேரம் கொதிக்கவைத்து, பிடிப்பைச் சோதிக்கிறார்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பசையின் தரத்துக்குப் பொருந்தும். எங்கோ ஓரிடத்தில் விட்டுப்போன ஒட்டுக்குப் பொருந்தாது. வெட்டிய துண்டை மறுபடி பயன்படுத்தவும் முடியாது.

விட்டுப்போன ஒட்டு உயிரையே வாங்கிவிடும். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டன் பயன்படுத்திய மாஸ்கிட்டோ விமானம் பெரும்பாலும் மரத்தைப் பசையால் ஒட்டிச் செய்யப்பட்டது. 1944 இறுதியில் இந்தியா உள்ளிட்ட கிழக்குப் போர்முனையில் சில மாஸ்கிட்டோக்கள் விழுந்து நொறுங்கின. வெப்பமும் பருவமழையும் பசையைக் கெடுத்துவிட்டதாக முதலில் பேசப்பட்டது. பின்னர் நடந்த விசாரணைகள், தொழிற்சாலையிலேயே நேர்ந்த குறைகளைச் சுட்டிக்காட்டின. பருவமழையில் நனையாத விமானங்களிலும் அதே போன்ற குறைகள் இருந்தன.

வெட்டாமல் சோதிக்க ஒலி உதவுகிறது. நன்றாக ஒட்டிய பலகையைத் தட்டினால் முழுத் தடிமனும் சேர்ந்து அதிரும். ‘டக்’ என்று கேட்கும். ஒட்டு விட்ட இடத்தில் மேல்தகடு மட்டும் மேளத்தோல் போல அதிரும். ‘டொப்’ என்று கேட்கும். மண்பானையைத் தட்டிப் பார்த்து வாங்கும் நம் பாட்டிமார் செய்வதும் இத்தகைய சோதனைதான்.

கருவியில் இதையே மீயொலி செய்கிறது. பலகையின் ஒரு பக்கத்திலிருந்து அலையை அனுப்பி, மறுபக்கத்தில் வாங்குவார்கள். மரத்திலிருந்து காற்றிடைவெளிக்குள் நுழையும் இடத்தில் அலையின் பெரும்பகுதி எதிரொலித்துத் திரும்பிவிடும். எனவே மறுபக்கம் வந்து சேரும் ஒலி சட்டெனக் குறையும். மரம் உயர் அதிர்வெண் அலைகளை எளிதில் உறிஞ்சிவிடுவதால், மருத்துவமனை ஸ்கேன் போல மெகாஹெர்ட்ஸ் அலைகள் இங்கே உதவாது. கிலோஹெர்ட்ஸ் அளவே ஏற்றது.

வகுப்பில் மேசைமீது 5 செ.மீ. கட்டங்கள் வரைந்தோம். ஒருவர் நாணயத்தால் தட்ட, இருவர் திரும்பி நின்று ஒலியை மட்டும் கேட்டுச் சொன்னார்கள். இருவரும் ‘டொப்’ என்ற இடங்களில் சாக்பீஸால் வட்டமிட்டோம். உப்பிய ஓரத்தைத் தவிர மூன்று வட்டங்கள் வந்தன.

மேசையைப் பழுதுபார்க்க அந்த மாணவனின் அப்பாவே வந்தார். மேல்தகட்டைப் பிரித்தபோது இரண்டு வட்டங்களில் ஒட்டு விட்டிருந்தது. அவற்றில் ஒன்று, மாணவன் முதலில் காட்டிய இடம். மூன்றாவதில் பசை நன்றாகப் பிடித்திருந்தது. “சார், அந்த இடத்துல அடியில சட்டம் இல்ல. அதான் சத்தம் மாறுது” என்றார் அவர்.

அந்தத் தவறுதான் மாணவர்களுக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. ஒலி மாறுவதற்குக் காரணம் ஒன்று மட்டுமல்ல. மரக்கணு, ஈரம், நாரின் திசை ஆகியவையும் ஒலியை மாற்றும். பசை பிடிக்காமலே இரு தகடுகள் நெருக்கமாகத் தொட்டுக்கொண்டிருந்தால் ஒலி தடையின்றிக் கடந்து, கருவியையும் ஏமாற்றிவிடும். சோதனை சந்தேகத்தைக் காட்டுகிறது. முடிவு சொல்ல இன்னொரு சான்று வேண்டும்.

உங்கள் பள்ளியிலும் இதைச் செய்து பார்க்கலாம். உள்ளே வெற்றிடம் உள்ள கதவுகளைத் தவிருங்கள்; அவை எங்கே தட்டினாலும் ‘டொப்’ என்றே கேட்கும். முன்பெல்லாம் வகுப்பில் மேசையைத் தட்டும் மாணவனை அதட்டுவேன். இப்போது, “என்ன கேட்குது?” என்கிறேன்.