புள்ளடியும் பட்டியலும்: இலங்கையில் வாக்கு ஆசனமாக மாறும் கணக்கு

மக்களாட்சி நாடுகள் தம் பிரதிநிதிகளைத் தெரிவுசெய்யும் முறைகளுள் பெரும்பாலானவற்றை இரு வகைகளில் அடக்கிவிடலாம். நாட்டைச் சிறு தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அதிக வாக்குப் பெற்ற ஒருவரை வென்றவராக அறிவிப்பது ஒரு வகை; இந்தியாவிலும் பிரித்தானியாவிலும் நடப்பது இதுவே. பல உறுப்பினர்களைக் கொண்ட ஒரு பெரும் பரப்பில், கட்சிகள் முன்வைக்கும் வேட்பாளர் பட்டியல்களுக்கு மக்கள் வாக்களிக்க, அவ்வாக்குகளின் அளவுக்கேற்பப் பட்டியல்களுக்கு ஆசனங்களைப் பங்கிடுவது மற்றொரு வகை. விகிதாசாரப் பிரதிநிதித்துவம் என வழங்கும் இவ்விரண்டாம் வகை, அதைக் கைக்கொண்ட நாடுகள் எல்லாவற்றிலும் ஒரே வடிவில் இல்லை. பட்டியலில் எவர் முன்னால் நிற்பார், எத்தனை வாக்குக்கு ஓர் ஆசனம், எந்த அளவுக்குக் கீழே வாக்குப் பெற்றவர்கள் பங்கீட்டிலிருந்து விலக்கப்படுவர் என்னும் சிறு விதிகளே அதன் உண்மையான இயல்பைத் தீர்மானிக்கின்றன. இலங்கையின் நாடாளுமன்றத் தேர்தல் இதனை விளக்குவதற்கு மிகப் பொருத்தமான சான்று.

இலங்கையும் முன்பு தொகுதிக்கு ஒருவர் என்ற முறையையே பின்பற்றியது. அம்முறை தந்த முடிவுகள் சில விசித்திரமானவை. 1970ஆம் ஆண்டுத் தேர்தலில் ஏறத்தாழ 38 விழுக்காடு வாக்குப் பெற்ற ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்தவை 17 ஆசனங்கள். ஏறத்தாழ 37 விழுக்காடு பெற்ற ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சிக்கோ 91. இடதுசாரிக் கட்சிகளோடு உடன்பாடு செய்துகொண்டு சுதந்திரக் கட்சி குறைந்த தொகுதிகளிலேயே போட்டியிட்டது என்பதைக் கணக்கில் கொண்டாலும், இந்த இடைவெளி பெரிது. 1977இல் காற்று திசைமாறியபோது, ஏறத்தாழ 51 விழுக்காடு வாக்குக்கு ஐக்கிய தேசியக் கட்சி 168 ஆசனங்களில் 140ஐ அள்ளிக்கொள்ள, 30 விழுக்காட்டை நெருங்கிய சுதந்திரக் கட்சி 8 ஆசனங்களுக்குச் சுருங்கியது. அதைவிட மிகக் குறைந்த வாக்குகளை வடக்கிலும் கிழக்கிலும் செறிவாகப் பெற்றிருந்த தமிழர் விடுதலைக் கூட்டணி 18 ஆசனங்களுடன் இரண்டாம் இடத்துக்கு வந்து, அதன் தலைவர் அ. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார்.

1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு விகிதாசார முறையைக் கொண்டுவந்தது. முதலில் எழுதப்பட்ட வடிவத்தில் அது மூடிய பட்டியல் முறையாக இருந்தது. அதாவது, பட்டியலில் எவர் பெயர் எந்த இடத்தில் நிற்கவேண்டும் என்பதைக் கட்சியே முடிவுசெய்யும், வாக்காளர் பட்டியலை முழுதாக ஏற்கலாம் அல்லது விடலாம். அந்த வடிவில் ஒரு பொதுத் தேர்தலும் நடைபெறவில்லை. 1982 டிசம்பரில் நடந்த மக்கள் தீர்ப்பின் வழியே, அப்போதிருந்த நாடாளுமன்றத்தின் ஆயுள் நீட்டிக்கப்பட்டது; 1988இல் அரசியலமைப்புத் திருத்தங்களால் பட்டியல் திறக்கப்பட்டு, வாக்காளரே வேட்பாளர்களுக்குள் தெரிவுசெய்யும் விருப்பு வாக்கு சேர்க்கப்பட்டது. எனவே 1989 பெப்ரவரியில் மக்கள் முதன்முறையாக இம்முறையில் நாடாளுமன்றத்துக்கு வாக்களித்தபோது அவர்கள் கையில் இருந்தது திருத்தப்பட்ட முறையே.

இன்றைய நாடாளுமன்றத்தின் 225 உறுப்பினர்களில் 196 பேர் 22 தேர்தல் மாவட்டங்களிலிருந்து வருகின்றனர். நிருவாக மாவட்டங்கள் 25 ஆயினும், யாழ்ப்பாணமும் கிளிநொச்சியும் ஒன்றாகவும், வவுனியா, மன்னார், முல்லைத்தீவு ஆகிய மூன்றும் வன்னி என்ற பெயரில் ஒன்றாகவும் இணைக்கப்பட்டுள்ளன. மாகாணத்துக்கு நான்காக 36 ஆசனங்கள் ஒதுக்கப்பட, எஞ்சிய 160 ஆசனங்கள் பதிவுபெற்ற வாக்காளர் தொகைக்கேற்ப மாவட்டங்களுக்குப் பிரிக்கப்படுகின்றன. வாக்காளர் தொகை குறைந்தால் ஆசனமும் குறையும். 2020இல் 7 உறுப்பினர்களைத் தெரிவுசெய்த யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் 2024இல் 6 பேரையே தெரிவுசெய்தது.

ஒரு மாவட்டத்தில் போட்டியிடும் கட்சி, அந்த மாவட்டத்தின் ஆசனத் தொகையைவிட மூன்று பெயர்கள் கூடுதலாகக் கொண்ட பட்டியலைத் தெரிவத்தாட்சி அலுவலரிடம் கையளிக்கவேண்டும். ஆறு ஆசனங்கள் என்றால் ஒன்பது பெயர்கள். கட்சி சாராதவருக்கும் இதே விதிதான். தனியொருவராக நிற்க இடமில்லை. ஒன்பது பேரைச் சேர்த்துச் சுயேச்சைக் குழுவாகவே நிற்கமுடியும் என்பதால், சுயேச்சையும் இங்கு ஒரு பட்டியலே. பட்டியலில் உள்ளவர்களுக்குப் பெயர்களின் அகரவரிசைப்படி இலக்கங்கள் வழங்கப்படுகின்றன. எவருக்கு முதலிடம் என்ற கேள்வி வேட்புமனுவோடு முடிவதில்லை. அது வாக்குச்சீட்டுக்குப் போகிறது.

வாக்குச்சீட்டின் மேற்பகுதியில் கட்சிகளின் பெயர்கள் மூன்று மொழிகளிலும் அவற்றின் சின்னங்களோடு நிரல்பட நிற்க, ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு வெறுங்கூடு இருக்கும். கீழ்ப்பகுதியில் 1, 2, 3 எனத் தொடரும் இலக்கங்கள் மட்டுமே உண்டு. வேட்பாளர் எவருடைய பெயரும் சீட்டில் இல்லை. வாக்காளர் முதலில் தாம் விரும்பும் பட்டியலுக்கு எதிரே புள்ளடி இடவேண்டும். குறுக்காக வெட்டும் இரு கோடுகளாலான அடையாளத்துக்கு ஈழத் தமிழில் வழங்கும் பெயர் அது. பின்னர், அதே பட்டியலிலுள்ள வேட்பாளர்களுள் மூவர் வரைக்கும் அவரவர் இலக்கத்தின் மீது புள்ளடி இடலாம். இதுவே விருப்பு வாக்கு. அதை இடாமல் விட்டாலும் கட்சி வாக்கு செல்லும். மூன்றுக்கு மேல் இட்டால் விருப்பு வாக்குகள் மட்டும் கெட்டுப்போகும். இரண்டு கட்சிகளுக்குப் புள்ளடி இட்டால் சீட்டு முழுவதும் நிராகரிக்கப்படும். கட்சிக்குப் புள்ளடி இடாமல் இலக்கங்களுக்கு மட்டும் இட்டவரின் சீட்டும் அப்படியே வீணாகும், ஏனெனில் எந்தப் பட்டியலின் 5ஆம் இலக்கம் என்பது எவருக்கும் தெரியாது.

பெயரில்லாத இந்தச் சீட்டுதான் இலங்கையின் தேர்தல் சுவரொட்டிகளுக்கு அவற்றின் தோற்றத்தைக் கொடுத்தது. வேட்பாளரின் முகத்தைக் காட்டிலும் பெரிதாக அவருடைய இலக்கமும் அதனருகே கட்சிச் சின்னமும் அச்சிடப்படுவதற்குக் காரணம், வாக்காளர் நினைவில் சுமந்து செல்லவேண்டியவை அவ்விரண்டே. விருப்பு வாக்கின் கசப்பான பக்கமும் இதிலிருந்தே பிறக்கிறது. ஒரே பட்டியலில் நிற்பவர்கள் மாவட்டம் முழுவதும் அலைந்து, எதிர்க்கட்சியைவிடத் தம் பக்கத்து இலக்கத்தாரோடு கடுமையாக மோதுகிறார்கள். பணமும் ஆள்பலமும் உள்ளவருக்கு இது சாதகமாகிறது. எனினும், முழுப் பட்டியலையும் கட்சித் தலைமையின் கையில் விட்டுவிடுவதைவிட இது மேல் என்றே கருதவேண்டியிருக்கிறது. தலைமை விரும்பாத ஒருவரை வாக்காளர் முன்னுக்குக் கொண்டுவரவும், தலைமைக்கு நெருக்கமான மூத்தவரை வீட்டுக்கு அனுப்பவும் இந்த மூன்று புள்ளடிகளைத் தவிர வேறு கருவி அவர் கையில் இல்லை.

அதே வாக்காளர் வெவ்வேறு தேர்தல்களில் வெவ்வேறு விதமாகச் சீட்டை அடையாளமிடவேண்டியிருப்பது ஒரு வீண் சிக்கல். 2024 செப்டம்பரில் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் விருப்ப வரிசையை 1, 2, 3 என எண்களால் காட்டலாம். நவம்பரில் வந்த நாடாளுமன்றத் தேர்தலில் எண்களை எழுதாமல் புள்ளடிகளையே இடவேண்டும். 2025 மே மாதத்து உள்ளூராட்சித் தேர்தலில் ஒரே ஒரு புள்ளடி, விருப்பு வாக்கு இல்லை. எட்டு மாதத்துக்குள் மூன்று இலக்கணங்கள். நிராகரிக்கப்பட்ட சீட்டுகள் 2020 நாடாளுமன்றத் தேர்தலில் 7 இலட்சத்தையும் 2024இல் 6 இலட்சத்து 60 ஆயிரத்தையும் தாண்டியமைக்கு வாக்காளரின் கவனக்குறைவை மட்டும் காரணமாகச் சொல்வது நியாயமாகாது.

இனி, சீட்டுகள் ஆசனமாகும் கணக்கு. 2024 நவம்பர் 14ஆம் நாள் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட பட்டியல்கள் போட்டியிட்டன. செல்லுபடியான வாக்குகள் ஏறத்தாழ 3 இலட்சத்து 25 ஆயிரம். அவற்றுள் தேசிய மக்கள் சக்தி 80,830, இலங்கைத் தமிழரசுக் கட்சி 63,327, அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸ் 27,986, 17ஆம் இலக்கச் சுயேச்சைக் குழு 27,855, ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணி 22,513, ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சி 17,730 வாக்குகளைப் பெற்றன. பங்கீட்டின் முதற்படியில், அதிக வாக்குப் பெற்ற பட்டியலுக்கு ஓர் ஆசனம் தனியே எடுத்துக் கொடுக்கப்படுகிறது. போனஸ் ஆசனம் எனப்படும் இது தேசிய மக்கள் சக்திக்குப் போயிற்று. இரண்டாம் படியில், மாவட்டத்து வாக்குகளில் இருபதில் ஒரு பங்கை, அதாவது 5 விழுக்காட்டை எட்டாத பட்டியல்கள் நீக்கப்படுகின்றன. இந்த எல்லைக்கு வெட்டுப்புள்ளி என்று பெயர். மேலே சொன்ன ஆறும் அதைத் தாண்டின. ஏனையவை எல்லாம் வெட்டுண்டன. தாண்டிய ஆறின் வாக்குகளைக் கூட்டினால் 240,241. அதை எஞ்சிய ஐந்து ஆசனங்களால் வகுத்து, பின்னத்தை அடுத்த முழு எண்ணாக்கினால் 48,049 வரும். ஓர் ஆசனத்தின் விலை இதுவே.

மூன்றாம் படியில், இந்த விலை எத்தனை முறை அடங்குகிறதோ அத்தனை ஆசனங்கள். தேசிய மக்கள் சக்திக்கு ஒன்றும் தமிழரசுக் கட்சிக்கு ஒன்றும் கிடைக்க, முன்னதற்கு 32,781 வாக்குகளும் பின்னதற்கு 15,278 வாக்குகளும் மிச்சமாயின. இன்னும் மூன்று ஆசனங்கள் இருக்கின்றன. அவை மிச்சங்களின் இறங்குவரிசைப்படி செல்லும். ஓர் ஆசனமும் பெறாத பட்டியலுக்கு அதன் வாக்குகள் முழுவதும் மிச்சமே என்பதால், வரிசையில் தேசிய மக்கள் சக்தியின் 32,781, தமிழ்க் காங்கிரஸின் 27,986, சுயேச்சைக் குழுவின் 27,855 என்பன முன்னே நின்று மூன்றையும் பெற்றுக்கொண்டன. முடிவில் தேசிய மக்கள் சக்திக்கு மூன்று, மற்ற மூன்று பட்டியல்களுக்கும் ஒவ்வொன்று. 80,830 வாக்குக்கு மூன்றும் 63,327 வாக்குக்கு ஒன்றும், அந்த ஒன்றுக்குச் சமமாக 27,855 வாக்குக்கும் ஒன்றும் என்ற இந்த முடிவு, விகிதாசாரம் என்ற சொல்லை நம்பி வரும் வாசகரைத் திகைக்க வைக்கும்.

கணக்கை வேறு விதமாகப் போட்டுப் பார்த்தால் காரணம் புலப்படும். போனஸ் ஆசனம் இல்லாமல் 240,241ஐ ஆறால் வகுத்தால் ஆசனத்தின் விலை 40,041 ஆகிறது; தேசிய மக்கள் சக்திக்கு முழுதாக இரண்டு ஆசனங்கள் வந்து மிச்சம் ஆயிரத்துக்கும் கீழே போகிறது; தமிழரசுக் கட்சியின் மிச்சமோ 23,286 ஆக உயர்ந்து அதற்கு இரண்டாம் ஆசனத்தைத் தருகிறது. போனஸை வைத்துக்கொண்டு வெட்டுப்புள்ளியை மட்டும் எடுத்துவிட்டால், செல்லுபடியான வாக்குகள் எல்லாம் வகுக்கப்பட்டு ஆசனத்தின் விலை ஏறத்தாழ 65,000 ஆகிவிட, தேசிய மக்கள் சக்தி இரண்டோடு நிற்க, ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணியும் ஓர் ஆசனம் பெற்றிருக்கும். வெட்டுப்புள்ளிக்குக் கீழே சிதறிய வாக்குகள் ஏறத்தாழ 85,000; முதலிடம் பெற்ற பட்டியலின் வாக்குகளைக் காட்டிலும் அதிகம். சிறு மாவட்டத்தில் பட்டியல்கள் பெருகினால் லாபம் முதலிடத்துக்கே என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் காட்டமுடியாது.

ஆசனங்கள் பிரிந்தபின் ஒவ்வொரு பட்டியலுக்குள்ளும் விருப்பு வாக்குகள் எண்ணப்பட்டு, அதிகம் பெற்றவர் முதலாக உறுப்பினர்கள் அறிவிக்கப்படுகின்றனர். இடையில் ஓர் ஆசனம் வெற்றிடமானால் இடைத்தேர்தல் கிடையாது. அதே பட்டியலில் விருப்பு வாக்கில் அடுத்து நிற்பவர் அவ்விடத்துக்கு வருவார். பட்டியல் கட்சியினுடையது என்ற கருத்தைப் பின்பற்றி, கட்சி உறுப்புரிமையை இழப்பவர் ஆசனத்தையும் இழப்பார் எனவும் அரசியலமைப்பு விதிக்கிறது. வெளியேற்றம் செல்லாது என்று உயர் நீதிமன்றம் தீர்த்தால் மட்டுமே அவர் தப்பலாம்.

மீதமுள்ள 29 உறுப்பினர்கள் தேசியப்பட்டியல் வழியே வருபவர்கள். நாடு முழுவதிலும் ஒவ்வொரு கட்சியும் பெற்ற மொத்த வாக்குகளின் விகிதத்தில் இவ்வாசனங்கள் பங்கிடப்படுகின்றன. 5 விழுக்காடு என்ற வெட்டுப்புள்ளி இங்கு இல்லை, விருப்பு வாக்கும் இல்லை. 2024இல் இவற்றுள் 18 தேசிய மக்கள் சக்திக்கும் 5 ஐக்கிய மக்கள் சக்திக்கும் சென்றன. அறிஞர்களையும் துறை வல்லுநர்களையும் சபைக்குக் கொண்டுவரவே இவ்வழி என்று சொல்லப்படுவதுண்டு. ஆயினும் தன் தேசியப்பட்டியலில் உள்ளவரையோ, மாவட்டப் பட்டியல்களில் நின்று தோற்றவரையோ கட்சி நியமிக்கலாம் என்பதால், மக்கள் முன்வாசலில் மறுத்தவர் பின்வாசலால் நுழைவதும் வழக்கமாகிவிட்டது.

இவ்வழியின் எல்லையை 2020ஆம் ஆண்டுத் தேர்தல் காட்டியது. ஐக்கிய தேசியக் கட்சி நாடு முழுவதும் 2 விழுக்காட்டுக்குச் சற்றே அதிகமான வாக்குகளைப் பெற்று, எந்த மாவட்டத்திலும் ஓர் ஆசனமும் இன்றித் தேசியப்பட்டியலில் ஒன்றை மட்டும் பெற்றது. ஏறத்தாழ பத்து மாதங்கள் நிரப்பப்படாமல் கிடந்த அந்த ஆசனத்தில், கொழும்பு மாவட்டத்தில் போட்டியிட்டுத் தோற்றிருந்த ரணில் விக்கிரமசிங்க 2021 ஜூனில் அமர்ந்தார். 2022 மே மாதத்தில் அவர் பிரதமரானார். பொருளாதார நெருக்கடியில் ஜனாதிபதி பதவி வெற்றிடமானபோது, 2022 ஜூலை 20ஆம் நாள் நாடாளுமன்றம் 134 வாக்குகளால் அவரை நாட்டின் ஜனாதிபதியாகத் தெரிவுசெய்தது.