எச்சம் சொல்லும் சேதி
காடைக்குஞ்சு வளர்க்கும் சகோதரிகளுக்கு

கைக்குழந்தையின் மலத்தைப் பார்த்தே, பால் செரிக்கவில்லையா, குளிர் பிடித்ததா, உடனே வைத்தியரிடம் கொண்டு ஓட வேண்டுமா என்று சொல்லிவிடக் கூடியவர்கள் எம் தாய்மார். அதே கண்ணும் அதே கவனமும் காடைக்குஞ்சு வளர்ப்பிலும் கைகொடுக்கும். குஞ்சுக்கு வாய் இல்லை. அதன் எச்சமே அதன் வாய்.

1977இலும் 1983இலும் நடந்த வன்செயல்களின்போது ஊவாத் தோட்டங்களை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறிய குடும்பங்கள் பல. பின்னர் அங்கும் போர் துரத்தியது. 2009இல் போர் ஓய்ந்த பின், குடும்பப் பாரத்தைத் தனியே சுமக்கும் பெண்களுக்கு இடமும் முதலும் அதிகம் கேட்காத தொழில்களே தேவைப்படுகின்றன. காடை அப்படியொன்று. முட்டை 17, 18 நாட்களில் பொரிக்கும். குஞ்சு ஆறு, ஏழு வாரங்களில் முட்டையிடத் தொடங்கிவிடும். லயன் வீட்டின் பின்புறத்தில் ஒரு சிறு கூடு போதும்.

ஆனால் பொரித்த குஞ்சின் நிறை 7, 8 கிராம்தான். நோயைத் தாங்க அதன் உடம்பில் சேமிப்பு இல்லை. காலையில் சோர்ந்த குஞ்சு மாலையில் செத்துக் கிடக்கும். கடன் வாங்கி வாங்கிய குஞ்சுகள் போனாலும் கடன் போகாது. ஆகவே முதல் மூன்று வாரங்களும் காலையில் மலைக்குப் போகுமுன்பும் மாலையில் வந்ததும் எச்சத்தைப் பாருங்கள்.

எப்படிப் பார்ப்பது?

குஞ்சுகள் படுக்கும் இடத்தில் ஒரு வெள்ளைக் கடதாசியை அரைமணி நேரம் விரித்து வையுங்கள். பிறகு எடுத்துவிடுங்கள். வழுவழுப்பான கடதாசியில் நாள் முழுதும் நடந்தால் குஞ்சின் கால்கள் அகன்றுவிடும். ஒரேயொரு எச்சத்தை வைத்து முடிவு சொல்லாதீர்கள். பலவற்றைப் பார்த்து, குஞ்சுகள் ஓடித் திரிகின்றனவா, தின்கின்றனவா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

நல்ல எச்சம்

மண்ணிறமாகவோ பச்சை கலந்த மண்ணிறமாகவோ சற்று இறுகி, மேலே வெள்ளைத் தொப்பி போட்டதுபோல் இருக்கும். அந்த வெள்ளை, பறவையின் சிறுநீர். இடையிடையே களிபோல் ஒட்டும், கெட்ட வாடையுள்ள கரும் மண்ணிற எச்சமும் விழும். இது குருட்டுக்குடலில் இருந்து வருவது. பயப்படத் தேவையில்லை. கீரை தின்றால் பச்சையாகவும், பீட்ரூட் தின்றால் சிவப்பாகவும் போகும். நேற்று என்ன கொடுத்தோம் என்பதை முதலில் நினைத்துப் பாருங்கள்.

கவனிக்க வேண்டியவை

தண்ணீர்போல் போனால்: அதிக வெப்பத்தில் குஞ்சு நிறையத் தண்ணீர் குடித்திருக்கலாம். வன்னி வெயிலில் இது சாதாரணம். தீனியில் உப்புக் கூடினாலும் இப்படிப் போகும். வெப்பத்தைச் சரிசெய்தும் மறுநாள் தொடர்ந்தால் அது நோய்.

வெள்ளையாகப் பின்புறத்தில் ஒட்டி உலர்ந்தால்: குளிரே பெரும்பாலும் காரணம். பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கத்து இரவுக் குளிர் குஞ்சுக்கு ஆகாது. முதல் வாரம் சுமார் 35 பாகை செல்சியஸ் சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு 3 பாகை குறைக்கலாம். இன்று கடைகளில் கிடைக்கும் எல்.ஈ.டி. மின்குமிழ் வெளிச்சம் தரும், சூடு தராது. சூடு தரும் குமிழையே போடுங்கள். மூடிய அறையில் கரி அடுப்பு வைப்பது உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஆபத்து. ஒட்டியதைப் பிய்க்காமல் இளஞ்சூட்டு நீரில் நனைத்துத் துடைத்து, ஈரம் உலர்த்தி விடுங்கள். பல குஞ்சுகள் இப்படி ஒட்டிச் சாகத் தொடங்கினால் அது தாய்ப்பறவையிலிருந்து முட்டை வழியே வரும் வெள்ளைக் கழிச்சலாக இருக்கலாம்.

வெள்ளை நீராகக் கழிந்து, குஞ்சு முதுகு கூனி, கண்மூடி நின்றால்: குடற்புண் நோயாக இருக்கலாம். இது காடைகளில் முதலில் கண்டறியப்பட்டதால் காடை நோய் என்றே பெயர் பெற்றது. மிக வேகமாகப் பரவும். கோழிக்கும் வரும். ஆகவே கோழியையும் காடையையும் ஒரே கூட்டில் வளர்க்காதீர்கள்.

இரத்தமோ சளியோ கலந்தால்: இரத்தக் கழிச்சலாக இருக்கலாம். ஈரப் படுக்கையில் பெருகும் நுண்ணுயிரே காரணம். ஐப்பசி முதல் தை வரை பதுளைப் பக்கம் மழை கூடிய காலத்தில், நனைந்த மரத்தூளையும் உமியையும் அன்றாடம் அள்ளி எறியுங்கள்.

கடும் பச்சையாகப் போனால்: கீரை கொடுக்காதபோது இப்படிப் போனால் குஞ்சின் வயிறு வெறுமை. தீனித் தட்டு எட்டுகிறதா, தீனி பொடியாக உள்ளதா என்று பாருங்கள். கூடவே கழுத்துத் திருகல், மூச்சுத் திணறல் இருந்தால் ராணிக்கெட் நோய் என்று ஐயப்பட வேண்டும்.

உடனே செய்ய வேண்டியது

நோயுற்றதைத் தனியாக்கிச் சூட்டில் வையுங்கள். படுக்கையை மாற்றுங்கள். தண்ணீர்ப் பாத்திரத்தைக் கழுவி, குஞ்சு விழுந்து மூழ்காதபடி சிறு கூழாங்கற்கள் போட்டுப் புதுத் தண்ணீர் வையுங்கள். முதலில் நல்ல குஞ்சுகளைக் கவனித்து, கடைசியில் நோயுற்றதைத் தொடுங்கள்.

இரத்தம் கண்டாலோ, ஒரே நாளில் இரண்டு மூன்று செத்தாலோ காத்திருக்க வேண்டாம். புதிய எச்சத்தைச் சுத்தமான சிறு போத்தலிலும், செத்த குஞ்சைப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டியும் அன்றே அருகிலுள்ள அரச மிருக வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டு செல்லுங்கள். வீட்டில் மீந்த குளிசையைக் கரைத்துக் கொடுக்காதீர்கள். அளவு தெரியாத மருந்து குஞ்சைக் கொல்லும். மருந்து கொடுத்தால், முட்டையையும் இறைச்சியையும் எத்தனை நாள் விற்கக்கூடாது என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

எச்சத்தைத் தொட்ட பின் சவர்க்காரம் போட்டுக் கைகழுவுங்கள். குஞ்சை முத்தமிடப் பிள்ளைகளை விடாதீர்கள். எச்சத்தில் உள்ள கிருமி மனிதருக்கும் கழிச்சலைத் தரும். செத்தவற்றை நாய் தோண்டாதபடி ஆழமாகப் புதையுங்கள். எச்சத்தை நேரே மரக்கறிப் பாத்தியில் போடாமல் குவித்து மக்கவைத்த பின் பயன்படுத்துங்கள். போஞ்சிக்கும் லீக்ஸுக்கும் அது நல்ல பசளை.

ஒரு கொப்பியும் பென்சிலும் கூட்டருகே தொங்கட்டும். திகதி, குஞ்சுகளின் எண்ணிக்கை, எச்சத்தின் நிறம், கொடுத்த தீனி, செத்தவை எத்தனை என்று அன்றாடம் ஒரு வரி எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கொண்டு எழுதுவியுங்கள். “எப்போதிருந்து இப்படி?” என்பதுதான் வைத்தியர் கேட்கும் முதல் கேள்வி. அதற்கான பதில் அந்தக் கொப்பியில் இருக்கும்.