கடைசி வரியில் கிடந்த உண்மை

2003 ஜனவரி 24. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் நாசா மையத்தில் ஒரு கூட்டம். உட்கார இடமில்லாமல் பொறியாளர்கள் வாசலுக்கு வெளியே வரை நின்றார்கள். எட்டு நாட்களுக்கு முன் கிளம்பிய கொலம்பியா விண்வெளி ஓடம் அப்போது பூமியைச் சுற்றிக்கொண்டிருந்தது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் அதில் இருந்தார்கள். கிளம்பிய 82ஆவது விநாடியில் எரிபொருள் தொட்டியின் நுரைப் பூச்சிலிருந்து ஒரு பெரிய துண்டு பெயர்ந்து இடது இறக்கையில் மோதியதைப் படப்பதிவு காட்டியிருந்தது. அடி எவ்வளவு பலமானது, தரையிறங்கும்போது ஆபத்து உண்டா என்பதுதான் கேள்வி.

போயிங் நிறுவனப் பொறியாளர்கள் பதிலை பவர்பாயிண்ட் ஸ்லைடுகளாகத் தயாரித்திருந்தார்கள். அதில் ஒரு ஸ்லைடு பிற்பாடு பாடப்புத்தக உதாரணமாகவே ஆகிவிட்டது. நம் கணக்கு பாதிப்பைக் கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டாது என்று ஆறுதல் சொல்லும் தொனியில் அதன் தலைப்பு. அதன்கீழ் ஒரு பெரிய புள்ளி, அதற்குள் ஒரு கோடு, அதற்குள் இன்னும் சிறிய புள்ளி என்று வரிகள் உள்ளே உள்ளே ஒதுங்கி, எழுத்தும் சிறுத்துக்கொண்டே போகிறது. விஷயம் வருவது அடிமட்டத்தில்: இந்தப் பயணத்தில் நடந்திருப்பது நாம் சோதித்துப் பார்த்த எல்லைக்கு வெகுதூரம் வெளியே. அதற்கும் கீழே காரணம். சோதனையில் மோதவிட்ட நுரைத் துண்டு 3 கன அங்குலம். கொலம்பியா விஷயத்தில் கணக்கில் கொண்ட அளவு 1,920 கன அங்குலம். 640 மடங்கு!

அந்த ஸ்லைடில் பொய் ஒன்றுமில்லை. தகவல் விட்டுப்போகவும் இல்லை. தலைப்பு ஒன்றைச் சொல்ல, கடைசி வரி அதைக் காலி செய்கிறது. ஆனால் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர் தலைப்பைத்தான் படிப்பார். மேலதிகாரிகளுக்கு இதன் சாராம்சம் வாய்மொழியாகப் போனபோது அந்தச் சந்தேகமும் கரைந்துபோயிற்று. பிப்ரவரி 1ஆம் தேதி, திரும்பி வரும் வழியில் டெக்சாஸ் வானில் கொலம்பியா சிதறியது. ஏழு பேரும் இறந்தார்கள். அந்த ஜூலையில் விசாரணைக் குழு சான் அன்டோனியோ நகரில் ஒரு நுரைத் துண்டை இறக்கையின் முன்விளிம்புப் பலகை மீது சுட்டுப் பார்த்தது. சுமார் 40 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஓட்டை விழுந்தது.

ஆகஸ்டில் வெளியான விசாரணை அறிக்கை, யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வர்ட் டஃப்டி இந்த ஸ்லைடைப் பிரித்து மேய்ந்ததை அப்படியே எடுத்துச் சேர்த்துக்கொண்டது. தொழில்நுட்பக் கட்டுரை எழுத வேண்டிய இடத்தில் ஸ்லைடு போடுவது நாசாவில் ஒரு நோயாகவே பரவியிருப்பதாகவும் சொன்னது. ஸ்லைடு மட்டும்தான் குற்றவாளி என்று அறிக்கை சொல்லவில்லை. இறக்கையைப் படம்பிடித்துப் பார்க்க வேண்டும் என்று பொறியாளர்கள் மூன்று முறை கேட்டும் நடக்கவில்லை. கால அட்டவணை நெருக்கடி, கேள்வி கேட்பவரை ஓரம்கட்டும் நிர்வாகப் பழக்கம் எல்லாம் அதில் வரிசையாக வருகின்றன.

பவர்பாயிண்டைத் திட்டிவிட்டு நகர்ந்துவிடலாம்தான், ஆனால் அது சரியல்ல. அந்த மென்பொருள் வந்ததே 1987இல். அதற்கு முந்தைய ஆண்டு ஜனவரி 27 இரவு, சாலஞ்சர் ஓடத்தை மறுநாள் ஏவலாமா என்று தொலைபேசியில் வாதம் நடந்தது. பூஸ்டர் ராக்கெட் தயாரித்த மார்ட்டன் தயோகால் நிறுவனத்தின் பொறியாளர்கள், கடும் குளிரில் ராக்கெட் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையம் விறைத்துவிடும், வேண்டாம் என்றார்கள். 13 தாள்களை ஃபேக்ஸில் அனுப்பினார்கள். சொன்னது சரி, காட்டிய விதம்தான் காலை வாரிவிட்டது. முந்தைய பயணங்களில் வளையம் பாதிக்கப்பட்டவற்றில் ஒன்று 12 டிகிரி செல்சியஸில் நடந்தது, இன்னொன்று 24 டிகிரியில். வெக்கையிலும் சேதம் என்றால் குளிரை மட்டும் எப்படிக் குறை சொல்வது? நாசா தரப்பு அதைப் பிடித்துக்கொண்டது. கடைசியில் தயோகால் மேலாளர்களே தங்கள் பொறியாளர்களை மீறித் தலையாட்டினார்கள். மறுநாள் காலை, கிளம்பிய 73ஆவது விநாடியில் சாலஞ்சர் வெடித்துச் சிதறியது.

சேதமே ஆகாத பயணங்களையும் சேர்த்துப் பார்த்தது பிறகு அமைந்த விசாரணை ஆணையம்தான். வளையத்தின் வெப்பம் 19 டிகிரியும் அதற்கு மேலுமாக இருந்த 20 பயணங்களில் மூன்றில் மட்டுமே பாதிப்பு. 17 டிகிரியும் அதற்குக் கீழுமாக இருந்தவை நான்கு, நான்கிலும் பாதிப்பு. சாலஞ்சர் கிளம்பிய காலை வெப்பநிலை சுமார் 2 டிகிரி. அந்த 24 பயணங்களையும் ஒரே தாளில் வெப்பத்தின் வரிசையில் எழுதியிருந்தால், ராக்கெட்டைப் பற்றி எதுவும் தெரியாதவருக்கும் புரிந்திருக்கும்.

பாதிக்கப்பட்டவற்றை மட்டும் பார்ப்பது: நம் ஊர் ஆய்வுகளில் நான் அடிக்கடி பார்க்கும் ஓட்டையும் இதுதான். பிள்ளைகள் ஏன் பள்ளியிலிருந்து பாதியில் நிற்கிறார்கள் என்று ஆராய்பவர் நின்றவர்களை மட்டும் பேட்டி எடுக்கிறார். பாதிப்பேர் வறுமை என்கிறார்கள், ஆய்வு முடிந்தது. அதே தெருவில் அதே வறுமையோடு பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்காமல் அந்தப் பதிலுக்கு மதிப்பில்லை.

இன்னொன்று, சேர்த்த தகவலை அது வந்த வழியிலேயே அடுக்குவது. இன்னார் 2010இல் இப்படிச் சொன்னார், இன்னார் 2014இல் அப்படிச் சொன்னார் என்று முனைவர் பட்ட ஆய்வேடுகளில் ஓர் அத்தியாயமே ஓடும். படித்து முடித்தால் பெயர்கள் நினைவிருக்கும், விஷயம் நிற்காது. ஒரு பெரிய தாளில் இடப்பக்கம் நூல்களையும் கட்டுரைகளையும் எழுதி, மேலே உங்கள் கேள்விகளை எழுதிக் கட்டம் போட்டுப் பாருங்கள். குறுக்காகப் படித்தால் ஒரு நூலின் சுருக்கம். நெடுக்காகப் படித்தால் ஒரு கேள்விக்கு எல்லோரும் சொன்ன பதில். யார் யாரோடு முரண்படுகிறார்கள் என்பது அங்கேதான் தெரியும். எவரும் பதில் சொல்லாத கட்டம் காலியாகக் கிடக்கும். பல நேரம் உங்கள் ஆய்வு தொடங்க வேண்டிய இடம் அதுவே.

ஸ்லைடுக்கு வருவது இதற்கெல்லாம் பிறகு. அதுவும் தலைப்பு என்றால் ‘முடிவுகள்’, ‘விவாதம்’ என்று பெயர்ப்பலகை மாட்டுவதல்ல. எழுவாயும் பயனிலையும் உள்ள முழு வாக்கியமாக எழுதினால் எழுதுபவர் தப்பிக்க முடியாது. ‘நாம் சோதித்ததைப் போல் 640 மடங்கு பெரிய துண்டு மோதியிருக்கிறது, விளைவை நம்மால் கணிக்க முடியாது’ என்று அந்த ஸ்லைடின் உச்சியில் இருந்திருந்தால், கூட்டம் அவ்வளவு சீக்கிரம் கலைந்திருக்குமா?

நாசாவே இதை எளிதில் கற்றுக்கொள்ளவில்லை என்பது வேடிக்கை. கொலம்பியாவுக்குப் பின் மீண்டும் ஓடம் ஏவும் பணியைக் கண்காணித்த குழு 2005இல் தந்த அறிக்கையில், முக்கிய முடிவுகளுக்கான காரணங்கள் இன்னும் பவர்பாயிண்டிலும் மின்னஞ்சலிலும்தான் கிடக்கின்றன என்று உறுப்பினர்கள் சிலர் குறைபட்டிருந்தார்கள்.

அமேசான் நிறுவனத்தில் ஜெஃப் பெசோஸ் 2004இல் மூத்த அதிகாரிகளின் கூட்டங்களில் ஸ்லைடுகளை நிறுத்தினார். ஆறு பக்கத்துக்குள் உரைநடையில் எழுதிக் கொண்டுவர வேண்டும். கூட்டம் தொடங்கியதும் எல்லோரும் பேசாமல் அதைப் படிக்க வேண்டும். நம் கல்லூரிகளில் புராஜெக்ட் ரிவ்யூ என்றாலே ‘பிபிடி ரெடியா?’ என்பதுதான் முதல் கேள்வி. பேராசிரியர்களே, மேலாளர்களே, அந்தக் கேள்வியை ஒரு மாதம் தள்ளிவைத்து, முதலில் இரண்டு பக்கம் எழுதி வாங்கிப் படியுங்கள். ஸ்லைடு வேண்டுமா என்பதைப் படித்த பிறகு முடிவு செய்துகொள்ளலாம்.