நீரும் மின்சாரமும்: ஒரே கணக்கின் இரு பக்கங்கள்

மேட்டூர் அணையின் மதகுகள் திறக்கப்படும்போது டெல்டா உழவர்களின் கவனம் நீரின் மீதும், மின்வாரியத்தின் கவனம் அந்நீர் சுழற்றும் டர்பைன்களின் மீதும் இருக்கும். 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையில் 1937 முதல் மின்சாரமும் எடுக்கப்படுகிறது. டர்பைனைச் சுழற்றிய நீர் குறைவுபடாமல் வயலை நோக்கிச் செல்கிறது. நீருக்கும் மின்சாரத்துக்குமான உறவு எல்லா இடங்களிலும் இத்தனை இணக்கமாக இருப்பதில்லை.

அதே நீர்த்தேக்கத்தை நம்பி 1,440 மெகாவாட் திறனுள்ள அனல் மின்நிலையம் இயங்குகிறது. நிலக்கரியை எரித்து நீராவி உண்டாக்கி, அந்த நீராவியால் டர்பைனைச் சுழற்றி, பின்னர் நீராவியைக் குளிர்வித்து மீண்டும் நீராக்குவது அனல் மின்நிலையத்தின் செயல்முறை. இந்தக் குளிர்விப்புக்குத்தான் பெருமளவு நீர் தேவைப்படுகிறது. அதில் பெரும்பகுதி குளிர்விப்புக் கோபுரங்களின் வழியே ஆவியாகிவிடுகிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 3.5 லிட்டருக்கு மேல் நன்னீர் செலவிடக் கூடாது என்று, ஏற்கெனவே இயங்கிவந்த அனல் மின்நிலையங்களுக்கு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2015 டிசம்பரில் வரம்பு விதித்தது. இந்த வரம்புக்குள் நின்றாலும்கூட, 1,440 மெகாவாட் நிலையம் முழுத் திறனுடன் ஒரு நாள் இயங்கச் சுமார் 12 கோடி லிட்டர் நீர் தேவைப்படலாம்.

நீர் குறைந்தால் மின் உற்பத்தி என்னவாகும் என்பதற்கு ஃபராக்கா ஓர் எடுத்துக்காட்டு. மேற்கு வங்கத்தில் உள்ள 2,100 மெகாவாட் திறனுள்ள அந்த நிலையம், கங்கையிலிருந்து வரும் கால்வாயில் நீர்மட்டம் தாழ்ந்ததால் 2016 மார்ச்சில் உற்பத்தியை நிறுத்த நேர்ந்தது.

மின்சாரத்துக்கு நீர் வேண்டும் என்பதைப் போலவே, நீருக்கும் மின்சாரம் வேண்டும். 1,000 லிட்டர் நீரை 100 மீட்டர் உயரத்துக்கு ஏற்றக் குறைந்தது 0.27 யூனிட் தேவை. இது இயற்பியல் விதி. 300 மீட்டர் ஆழத்தில் நீர் கிடைக்கும் ஆழ்துளைக் கிணற்றில் இது 0.8 யூனிட்டைத் தாண்டும். மோட்டாரின் செயல்திறன் 40 விழுக்காடு என்றால், செலவு 2 யூனிட்டாகிவிடும். கடல்நீரைக் குடிநீராக்க 1,000 லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் வரை செலவாகிறது. அதாவது, அடிநிலத்திலிருந்து நீர் எடுக்கும் உழவர், கடல்நீரைக் குடிநீராக்க ஆகும் மின்சாரத்தில் பாதியளவை இப்போதே செலவிடுகிறார்.

தமிழகத்தில் 1990 முதல் அனைத்து விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வழங்கப்படுகிறது. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வேளாண் இணைப்புகள் உள்ளன. சிறு, குறு விவசாயிகளைக் காத்த திட்டம் இது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், பெரும்பாலான இணைப்புகளில் மீட்டர் இல்லாததால், எவ்வளவு மின்சாரம் செலவானது, எவ்வளவு நீர் எடுக்கப்பட்டது என்ற இரண்டுமே மதிப்பீடுகளாக நின்றுவிடுகின்றன. நிலத்தடி நீர் இறங்க இறங்க, அதே அளவு நீருக்கு மின்செலவு ஏறுகிறது. இந்தக் கூடுதல் சுமை மின்வாரியத்தின் நட்டக் கணக்கில் பதிவாகிறதே தவிர, நீர்வளக் கணக்கில் எங்கும் இடம்பெறுவதில்லை.

இந்த உறவின் ஆபத்து வறட்சியில்தான் முழுமையாக வெளிப்படுகிறது. அணைகள் வற்றும்போது நீர்மின் உற்பத்தி சரிகிறது. அந்த இழப்பை ஈடுசெய்ய வேண்டிய அனல் மின்நிலையங்களோ குளிர்விப்பு நீருக்கு அதே அணைகளை எதிர்பார்க்கின்றன. மறுபுறம், வயல்களில் மோட்டார்கள் கூடுதல் நேரம் ஓடுகின்றன. 2019 கோடையில் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டபோது, நகரம் மீஞ்சூர், நெம்மேலி கடல்நீர் சுத்திகரிப்பு நிலையங்களைச் சார்ந்திருக்க நேர்ந்தது. அவை இயங்கவும் இடைவிடாத மின்சாரம் வேண்டும். மின்சாரத்தின் தேவை உச்சத்தில் இருக்கும் அதே வாரங்களில், அதை உற்பத்தி செய்வதற்கான நீர் மிகக் குறைவாக இருக்கிறது.

தீர்வுகள் நமக்குத் தெரியாதவை அல்ல. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து 50 கி.மீ. தொலைவுக்குள் உள்ள அனல் மின்நிலையங்கள் சுத்திகரிக்கப்பட்ட நீரையே பயன்படுத்த வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் மின்கட்டணக் கொள்கை கூறுகிறது. அதை ஏட்டளவில் விட்டுவிடாமல் நடைமுறைப்படுத்த வேண்டும். நீரைக் கொதிக்க வைக்கும் தேவையே இல்லாத காற்றாலைகளும் சூரியத் தகடுகளும் நீர்ச் சேமிப்புக்கான வழிகளும்தாம் என்பதைத் திட்டமிடுவோர் கணக்கில் கொள்ள வேண்டும்.

விவசாயத்தில், இலவசத்தைப் பறிக்காமலேயே சிக்கனத்துக்கு ஊக்கம் அளிக்க முடியும். ஒதுக்கப்பட்ட அளவுக்குள் சேமிக்கப்படும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் விவசாயிக்கு 4 ரூபாய் வழங்கும் திட்டத்தைப் பஞ்சாப் அரசு 2018-இல் தொடங்கியது. அங்கு விவசாயி சேமிப்பது மின்சாரம். நிலத்தில் மிஞ்சுவது நீர். இத்தகைய திட்டத்துக்கு மீட்டர் அவசியம். அது கட்டணம் வசூலிக்கும் கருவி அல்ல, ஊக்கத்தொகை தருவதற்கான கருவி என்ற நம்பிக்கையை அரசு முதலில் ஏற்படுத்த வேண்டும்.

நீருக்கு ஒரு துறை, மின்சாரத்துக்கு ஒரு துறை என்பது நிர்வாக வசதிக்காக நாம் செய்துகொண்ட பிரிவினை. புதிய மின்நிலையத்துக்கு ஒப்புதல் அளிக்கும்போது வறட்சி ஆண்டில் அதற்கு நீர் எங்கிருந்து வரும் என்றும், புதிய குடிநீர்த் திட்டத்தை அறிவிக்கும்போது அதற்கான மின்சாரம் எங்கிருந்து வரும் என்றும் கேட்கப்பட வேண்டும். இந்த இரு கேள்விகளுக்கும் விடை அணைகள் நிறைந்திருக்கும்போதே தேடப்பட வேண்டும்.